பரங்கிமலைச் சிலுவை

கடற்கரை – தாம்பரம் மின்ரயிலில் போகிறவர்கள் தினமும் பார்க்கும் குன்றுதான் பரங்கிமலை. உச்சியிலுள்ள மாதா கோயிலின் பீடத்தில் ஒரு கருங்கல் பலகை பதிந்திருக்கிறது. அதன் நடுவில் புடைப்பாக ஒரு சிலுவை. நான்கு நுனிகளும் மொட்டு விடுகின்றன. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. இருபுறமும் தூண்கள், தூண்களின் தலையில் மகரங்கள். அவற்றின் வாயிலிருந்துதான் மேல் வளைவு கிளம்புகிறது. சிவன் கோயிலில் மகர தோரணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. இயேசுவின் உருவம் மட்டும் சிலுவையில் கிடையாது.

1547இல் போர்ச்சுக்கீசியர் இங்கே கோயில் கட்ட இடிபாடுகளை அகற்றித் தோண்டியபோது மண்ணுக்குள் கிடைத்த கல் இது. அப்போஸ்தலர் தோமையாரே தம் கையால் செதுக்கியது என்று நம்பினார்கள். 1558 டிசம்பர் 18 அன்று, திருப்பலி நடக்கும்போதே கல் இரத்தமாக வியர்த்தது என்கின்றன கோயில் பதிவுகள். கடைசியாக அப்படி நடந்ததாகச் சொல்வது 1704இல். மாதாவின் திருவிழா இன்றும் அதே டிசம்பர் 18தான்.

வளைவின் விளிம்பில் ஓடும் எழுத்துதான் எல்லோரையும் திணறடித்தது. அழைத்து வந்த ஒரு பிராமணப் பண்டிதர் அதில் தோமையாரின் கதையையே படித்துச் சொன்னார். கேட்டவர்கள் விரும்பியதும் அதுதான். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1873இல், ஏ. சி. பர்னெல் அது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று காட்டினார். ஆக, கல் தோமையாரின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இதனால் அதன் பெருமை குறையவில்லை, கூடுகிறது என்றே நினைக்கிறேன். கடல் கடந்த பாரசீகக் கிறிஸ்தவரின் நம்பிக்கையும் இந்த மண்ணின் மகர தோரணமும் ஒரே கல்லில் கூடியதற்கு இதைவிட நேரடியான சாட்சி சோழமண்டலக் கரையில் எங்கே இருக்கிறது?

இதே வாசகம் கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றத்திலும், முட்டுச்சிறையிலும் உள்ள சிலுவைகளில் இருக்கிறது. 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்த சிலுவைக்கும் இதே மொட்டு நுனிகள். எழுத்து மட்டும் இல்லை. மலபார், சோழமண்டலம், இலங்கை: கப்பல்கள் தொட்ட கரைகளில் எல்லாம் இந்த உருவமும் போயிருக்கிறது.

வாசகத்தில் வரும் ஆளின் பெயர் என்ன, அவர் சிலுவையைச் செதுக்கியவரா, கொண்டுவந்தவரா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அண்மைக் காலத்தில் படித்தவர்கள் ஒப்புவது ஒன்று: ஆண்டவரே, இன்னாரின் மகன் இன்னார்மேல் இரக்கம் வையும் என்று ஒரு தனி மனிதருக்காகக் கேட்ட மன்றாட்டு அது.