ஒரு சொல்லின் பொருளும் ஒரு மருந்தின் விலையும்

ஒரே சூத்திரத்துக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் உரைக்கும் இடங்களை வகுப்பில் விளக்கும்போது, "இந்தச் சர்ச்சையால் யாருக்கு என்ன பயன்?" என்று மாணவர் எவரேனும் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் நமக்கு நினைவில் எழுவது இலக்கண நூல் அன்று, ஒரு வழக்கு. அதில் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்தே இரத்தப் புற்றுநோயாளர் பலருடைய மருந்தின் விலை அமைவதாயிருந்தது. அவ்வழக்கின் பெரும்பகுதி நடந்ததும் நம் சென்னையில்தான்.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும். விடுதலைக்குப் பின்னும் நம் நாட்டில் நடப்பிலிருந்தது 1911ஆம் ஆண்டின் காலனியக் காப்புரிமைச் சட்டமே. அதனை ஆராய்ந்து நீதியரசர் என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அறிக்கை அளித்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டார் வசமிருந்தன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அவ்வறிக்கையின் வழி வந்தது 1970ஆம் ஆண்டுச் சட்டம். மருந்து என்னும் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் வழி திறந்தது. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த வழியாகத்தான். ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லப்பட்ட எய்ட்ஸ் கூட்டுமருந்தை 350 டாலருக்குத் தர முடியும் என்று 2001இல் சிப்லா நிறுவனம் அறிவிக்க முடிந்ததும் அதனாலேயே.

இதற்கிடையே 1995இல் உலக வர்த்தக அமைப்பும் அதன் டிரிப்ஸ் உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தன. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டும் என்பது அதன் விதி. இந்தியாவுக்கு 2005 வரை தவணை கிடைத்தது. உடன்படிக்கையைப் பொதுநலன் காக்கும் வகையில் பொருள்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு என 2001இல் தோகா மாநாடு அறிவித்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தியே 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நம் நாடாளுமன்றம் 3(டி) என்னும் பிரிவைச் செம்மைப்படுத்தியது. முன்பே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம் அதன் பயன்திறனை மேம்படுத்தாவிடில் அது புதிய கண்டுபிடிப்பாகாது என்பது அதன் சாரம்.

நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக் மருந்து இப்பிரிவில் வந்து மோதியது. அதன் மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்துக்கோ பத்தாயிரம் ரூபாய் அளவே. 1998இல் அந்நிறுவனம் காப்புரிமை கேட்டது, அம்மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 'பயன்திறன்' என்பது வரையறையற்ற சொல், ஆகவே பிரிவே செல்லாது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. நீதியரசர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் உரையாசிரியர்கள் செய்வதையே செய்தார்கள்: மருத்துவ அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டார்கள். மருந்தின் பயன்திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறன் என்று 2007 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். பிரபா ஸ்ரீதேவன் பின்னாளில் ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வு தரும் செய்தி.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. படிக வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். கூடுதலாகச் சேர்வதாலேயே நோய் கூடுதலாகத் தீரும் என்றாகாது; அதற்குச் சான்று வேண்டும் என்று 2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் கூறி, மேல்முறையீட்டைத் தள்ளியது.

காப்புரிமை இல்லையேல் புதிய மருந்துக்கு யார் பணம் செலவிடுவார் என்னும் கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. கிளீவெக் உண்மையிலேயே அரிய கண்டுபிடிப்பு. நோயாளர் பலருக்கு நிறுவனம் அதை இலவசமாகவும் வழங்கியது. ஆயினும் கொடையை நம்பி வாழ்வது வேறு, உரிமையோடு வாங்கி உண்பது வேறு. புதியதற்குப் பரிசு கொடு, பழையதன் புது உடைக்குக் கொடாதே என்பதே சட்டம் வகுத்த எல்லை.

அவ்வெல்லை இன்றும் காக்கப்பட வேண்டியிருக்கிறது. காசநோய் மருந்தான பெடாகுவிலின் மீதான காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சியை, அந்நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் எதிர்த்து 2023 மார்ச்சில் வென்றார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். எனவே மாணவரின் கேள்விக்கு நம் விடை இதுதான்: சொல்லுக்குப் பொருள் காணும் உரிமையை நாம் கைவிட்டால், அப்பொருளை வேறு யாரோ நமக்காக எழுதிவிடுவார்கள்; விலையை மட்டும் நாம் கொடுப்போம்.