மக்கள்–குடியரசுத் தலைவர் ஒத்துழைப்பு ஒருங்கிணைப்பு அலுவலகம் (ஈரான்)

ஈரானின் முதல் குடியரசுத் தலைவர் அபுல்ஹசன் பனிசதரின் ஆதரவாளர்கள் 1980இல் நடத்திய அரசியல் அமைப்பு. பாரசீகத்தில் இதன் பெயர் 'தஃப்தர்', அதாவது அலுவலகம், என்றே தொடங்கும். கட்சி என்ற சொல் பெயரில் இல்லை. 1981இல் தலைவரின் வீழ்ச்சியோடு இதுவும் முடிந்தது.

1979 புரட்சிக்குப் பின், 1980 ஜனவரி 25இல் நடந்த தேர்தலில் பனிசதர் ஏறத்தாழ 76 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அவருக்குக் கட்சி கிடையாது. அயதுல்லா பெஹஷ்தியின் இஸ்லாமியக் குடியரசுக் கட்சி நிறுத்தவிருந்த ஜலாலுத்தீன் ஃபார்சி, தந்தை ஆப்கானியர் என்ற காரணத்தால் போட்டியிலிருந்து விலக நேர்ந்ததும் பனிசதருக்கு வாய்ப்பாயிற்று. ஆனால் அந்தக் கட்சிக்கு மசூதிகளும் புரட்சிக் குழுக்களும் கைவசம் இருந்தன. அதற்கு ஈடுகொடுக்கவே இந்த அலுவலகம். மார்ச், மே மாதங்களில் இரு சுற்றுகளாக நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தன் வேட்பாளர்களையும் நிறுத்தியது. அவையோ பெஹஷ்தி தரப்பின் கைக்குப் போனது. ஆகஸ்டில், தனக்குப் பிடிக்காத முகமது அலி ரஜாயியைப் பனிசதர் பிரதமராக ஏற்க வேண்டியதாயிற்று.

உண்மையில் பனிசதரின் வலுவான கருவி அலுவலகமன்று, 'இன்கலாபே இஸ்லாமி' (இஸ்லாமியப் புரட்சி) நாளிதழ்தான். தம் அன்றாட அலுவல்களையும் மனக்குறைகளையும் அவர் அதில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். ஈராக்குடனான போர் தொடங்கிய பிறகு போர்முனையிலிருந்தும் எழுதினார். ஆட்சியில் இருப்பவரே எதிர்க்கட்சிப் பத்திரிகை நடத்தியது போன்ற விசித்திரம் அது.

1981 மார்ச் 5இல், முன்னாள் பிரதமர் மொசாதெக்கின் நினைவுநாளன்று தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் பனிசதர் பேசிய கூட்டம் கைகலப்பில் முடிந்தது. குழப்பம் விளைவித்தவர்களைப் பிடித்த ஆதரவாளர்கள் அவர்களின் அடையாள அட்டைகளைப் பறித்துக் காட்டினர். அதன்பின் எதிர்த்தரப்பு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும் என்று குரலெழுப்பியது. ஜூன் 7இல் நாளிதழ் முடக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, நாட்டின் உச்சத் தலைவர் கொமெய்னி அவரைப் படைத்தலைமையிலிருந்து நீக்கினார். ஜூன் 21இல் நாடாளுமன்றம் அவர் தகுதியற்றவர் என 177 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்து விழுந்தது ஒன்றே ஒன்று. மறுநாள் கொமெய்னி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

அலுவலகத்தின் முன்னணியினர் சிலருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பனிசதர் தலைமறைவாகி, ஜூலை இறுதியில் முஜாஹிதீன் இயக்கத் தலைவர் மசூத் ரஜவியுடன் விமானப்படை விமானத்தில் பிரான்சுக்குத் தப்பினார். 2021 அக்டோபரில் பாரிசில் இறந்தார். அங்கே அவர் மீண்டும் தொடங்கிய இதழ், பழைய பெயரோடு 'புலம்பெயர்வில்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது.