பச்சிளங்குழந்தையின் வைரஸ் நோய்கள்: பிரித்தறியக் கற்ற வரலாறு

பிறவிக் கண்புரையுடன் பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி, சிட்னி கண் மருத்துவர் நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் 1941-இல் ஒரு கட்டுரை படித்தார். அவர்களில் 68 குழந்தைகளின் தாய்மார் கருவுற்றிருந்தபோது, பெரும்பாலும் முதல் மாதங்களில், ஜெர்மன் தட்டம்மை கண்டவர்கள். பல குழந்தைகளுக்கு இதயத்திலும் குறை இருந்தது. எடை ஏறவில்லை, பால் குடிக்கவும் திணறின. பெரியவர்களுக்கு மூன்று நாளில் இறங்கிவிடும் அந்த அம்மைதான் காரணம் என்பதைப் பலரால் நம்ப முடியவில்லை. நிரூபணம் போதாது என்று லான்செட் இதழ் 1944-இல்கூட எழுதியது. அந்த ஐயத்தைக் குறை சொல்வதற்கில்லை. அம்மை கண்டும் நல்லபடியாகப் பிள்ளை பெற்ற தாய்மாரின் கணக்கு கிரெக்கிடம் இருக்கவில்லை.

கிரெக்கின் கட்டுரையில் காது கேளாமை பற்றி ஒரு வரியும் கிடையாது. வெள்ளை படர்ந்த கருவிழிப் பாவை கண் மருத்துவருக்கு உடனே தெரியும். கைக்குழந்தையின் செவிட்டுத்தன்மை பேச்சு வர வேண்டிய வயதில்தான் வெளிப்படும். அடிலெய்டில் சார்லஸ் ஸ்வான் குழுவினர் 1943-இல் அதையும் சேர்த்து எழுதினர். பின்னர் ஹென்றி ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டினார். 1911 கணக்கில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதோர் மிகுதி. 1921 கணக்கில் அதே மிகுதி 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. அவர்கள் பிறந்த 1899-ஐ ஒட்டி அங்கே ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்தது. கிரெக் கண்ணால் கண்டதை நாற்பதாண்டுப் பழைய ஏடு உறுதி செய்தது. வைரஸைப் பிரித்தெடுத்தது அதற்கும் பிறகு, 1962-இல்.

சைட்டோமெகலோவைரஸின் கதை தலைகீழானது. இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் ஊதிப் பெருத்த செல்களை ஜெர்மன் நோயியலாளர் ரிபெர்ட் 1881-இலேயே பார்த்துவிட்டார். அவை ஒட்டுண்ணிகள் என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 1950-களின் நடுவில் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே வைரஸைப் பிரித்தெடுத்த பின்தான் குழப்பம் தீர்ந்தது. இந்நோயுடன் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பதில் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. மற்றவற்றில் தோலடி ரத்தப் புள்ளிகள், மஞ்சள் காமாலை, வீங்கிய கல்லீரல், மண்ணீரல், சிறுத்த தலை காணப்படும். மூளையில் கால்சியப் படிவு நீரறைகளின் ஓரத்தில் விழும். பிரேசிலில் 2015-இல் வெளிப்பட்ட ஜிகா வைரஸ் தொற்றில் அப்படிவு பெரும்பாலும் புறணிக்குச் சற்றுக் கீழே காணப்பட்டது. இரண்டிலும் தலை சிறுத்திருக்கலாம், ஸ்கேன் படம் ஒன்றல்ல.

ஹெர்பிஸ் கருப்பையில் தொற்றுவது அரிது; பிறப்புவழியில்தான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் குழந்தை நல்ல நிலையில் வீட்டுக்குப் போய், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சோர்வு, வலிப்பு என்று திரும்பி வரும். தோலில் கொப்புளம் இருந்தால் சந்தேகம் எழும். கொப்புளமே இல்லாமல் மூளையையோ கல்லீரலையோ தாக்கும்போது பாக்டீரியாத் தொற்று என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை உடனே தொடங்க வேண்டிய நோய் இது. தாயிடம் கேட்டால், தமக்கு அந்த நோய் வந்ததே இல்லை என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள்.

அட்லாண்டாவின் ஆண்ட்ரே நாமியாஸ் 1971-இல் ஜெர்மன் தட்டம்மை, சைட்டோமெகலோவைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றை, வைரஸ் அல்லாத டாக்ஸோபிளாஸ்மாவையும் சேர்த்து, ‘டார்ச்’ என்று ஒரே பெயரில் தொகுத்தார். மருத்துவர்கள் மறக்காமல் நினைக்க அது உதவியது. நாளடைவில் அது ஒரு ரத்தப் பரிசோதனையாகச் சுருங்கியது நல்லதல்ல என்பது என் கருத்து. குழந்தையின் ரத்தத்தில் தென்படும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்ததாக இருக்கலாம்; ‘பாசிட்டிவ்’ என்ற முடிவைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. சைட்டோமெகலோவைரஸுக்குச் சிறுநீரையோ எச்சிலையோ பிறந்த மூன்று வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். தாமதித்தால் அது பிறவித் தொற்றா, பிறகு வந்ததா என்று பிரிக்க முடியாது.

சிக்குன்குனியா அந்தத் தொகுப்பில் இல்லை. 2005-06-இல் ரீயூனியன் தீவில், பிரசவ வேளையில் ரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிக்குத் தொற்று வந்தது. சிசேரியன் அதைத் தடுக்கவில்லை. குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகவே இருந்தன. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் கண்டது, பால் குடிப்பது நின்றது, சிலருக்கு மூளையும் பாதித்தது. 2006 முதல் இந்நோய் பரவிய இந்தியாவில் குழந்தை மருத்துவர்கள் இன்னொன்றையும் பதிவு செய்தனர்: காய்ச்சல் தணிந்த பின் குழந்தையின் மூக்கு நுனியில் படரும் கருமை. அதைக் கண்டால், பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்ததா என்று முதலில் கேட்கிறார்கள்.