அப்பா பறித்து வந்த அரிவாளும் அரபாரி காடும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி தன் பழைய பாடப் புத்தகங்களை எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தாள். என் கை சும்மா இருக்குமா? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை (மத்தியப் பாடத்திட்டம்) உருவிப் புரட்டினேன். இயற்கை வளங்கள் பற்றிய பாடத்தில் மேற்கு வங்கத்து அரபாரி காடு பற்றி ஒரு பத்தி இருந்தது. படித்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது.

என் அப்பா பாரஸ்ட் கார்டாக வேலை பார்த்தவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். 1960களில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் குடியிருந்தோம். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பா மூன்று விறகுக் கட்டுகளையும் மூன்று அரிவாள்களையும் பிடித்துக்கொண்டு வந்தார். இருட்டின பிறகு ஒரு அம்மாள் புறவாசல் பக்கம் வந்து நின்றார். என் வகுப்புத் தோழனின் தாயார். "ஐயா, விறகு போனாப் போவுது. அருவா எரவல் வாங்கினது. அத மட்டும் குடுத்துருங்கய்யா" என்றார். "ரிப்போர்ட்டுல எழுதியாச்சும்மா, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் அப்பா. அந்த அம்மாள் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தோழன் என்னோடு பேசவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. கை நீட்டிக் காசு வாங்காதவர். அந்த அம்மாளும் திருடி இல்லை. அப்படியென்றால் அந்த இரவில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது எது? வரலாற்று வாத்தியாராக 31 வருடம் வேலை பார்த்தும் இதை வகுப்பில் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ரயில் பாதை போட ஆங்கிலேயருக்குச் சிலீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. சால், தேக்கு, தேவதாரு மரங்கள் வண்டி வண்டியாகச் சாய்ந்தன. இப்படியே போனால் கட்டை கிடைக்காது என்ற கவலையில்தான் 1864இல் வனத்துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமை அதிகாரி டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1865இல் ஒரு வனச் சட்டமும், 1878இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் வந்தன. காலங்காலமாக ஊரார் விறகு எடுத்த காடு, மாடு மேய்த்த காடு, 'ரிசர்வ்' காடு ஆனது. அதுவரை உரிமையாக இருந்தது குற்றமாயிற்று.

நம் சென்னை மாகாணம் இதை எளிதில் ஏற்கவில்லை. இங்கே ஏதாவது ஒரு ஊரின் எல்லைக்குள் வராத காடே அநேகமாக இல்லை, அவற்றில் மக்களுக்குத்தான் அனுபவ உரிமை என்று 1871இல் வருவாய் வாரியம் வாதிட்டது. சொன்னவர்களும் வெள்ளைக்கார அதிகாரிகள்தான்! கடைசியில் பிராண்டிஸ் இங்கே வந்து யோசனை சொல்ல, 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. பிராண்டிஸ்கூட ஊர்களுக்கென்று தனிக் காடுகள் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். 'கிராமக் காடு' என்ற பிரிவு அகில இந்தியச் சட்டத்தில் இருந்தது. ஆனால் ஏட்டோடு சரி. பிறகு விவசாயிகளின் குறைகளைக் கேட்க 1913இல் சென்னையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாகச் சில மேய்ச்சல் காடுகள் பஞ்சாயத்துகள் கைக்கு வந்தன. அந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை.

சுதந்திரம் வந்தது. சட்டம் அப்படியே இருந்தது. அந்தச் சட்டத்தைத்தான் அப்பா காக்கிச் சட்டையில் சுமந்தார்.

இனி அரபாரிக்கு வருவோம். அன்றைய மிதுனாபூர் மாவட்டத்தில் இருந்த சால் காடு அது. வெட்டி வெட்டி வெறும் புதராகிவிட்டிருந்தது. கார்டு துரத்துவார், மக்கள் ஓடுவார்கள், மறுநாள் மறுபடி வெட்டுவார்கள். அங்கே அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி மரம் வளர்ப்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே மாடு மேய்ந்தது, விறகு வெட்டப்பட்டது. அவர் காவலைக் கூட்டச் சொல்லவில்லை. ஏன் வெட்டுகிறீர்கள் என்று ஊராரிடமே போய்ப் பேசினார். விறகு விற்ற காசில்தான் அடுப்பு எரிகிறது என்பது தெரிந்தது.

1972 வாக்கில் ஓர் ஒப்பந்தம் உருவானது. 11 ஊர்கள், 618 குடும்பங்கள், 1,272 ஹெக்டேர் காடு. மக்கள் காவல் காப்பார்கள். பதிலுக்குக் காட்டு வேலைகளில் அவர்களுக்கே கூலி வேலை. சிறு கட்டணத்துக்கு விறகும் தீவனமும் எடுத்துக்கொள்ளலாம். மரம் முற்றி வெட்டும்போது வருமானத்தில் 25 சதவீதம் அவர்களுக்கு.

சால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய அடிமரத்தின் வேர் சாகாமல் மண்ணுக்குள் கிடக்கும். ஆடு மாடு கடிக்காமல், அரிவாள் படாமல் விட்டால் தானே துளிர்த்து எழும். அதனால் பெரிய செலவு செய்து அங்கே காடு வளர்க்க வேண்டியிருக்கவில்லை. தொடாமல் விட ஆள்தான் தேவைப்பட்டது. அந்தக் காவலை 618 குடும்பங்களும் செய்தன. ஒன்றுக்கும் உதவாது என்று கைவிட்ட அந்தக் காடு 1983இல் 12.5 கோடி ரூபாய் பெறும் என்று மதிப்பிடப்பட்டதாகப் பேத்தியின் புத்தகம் சொல்கிறது.

இதன் பலன் நாடு முழுக்கப் பரவியது. 1988 தேசிய வனக் கொள்கை, காட்டை ஒட்டி வாழும் மக்களின் தேவைக்கு முதலிடம் தந்தது. 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் உருவாயின. தமிழ்நாட்டிலும் 1997 முதல் ஜப்பான் கடனுதவியோடு கிராம வனக் குழுக்கள் அமைந்தன.

ஆனால் பாடப் புத்தகம் சொல்லாத ஒன்றும் உண்டு. அரபாரியில் மக்களுக்குக் கிடைத்தது பங்கு, உரிமை அல்ல. சுற்றறிக்கை என்பது சட்டம் ஆகாது. பல இடங்களில் குழுவின் செயலாளர் துறை ஆள்தான். திட்டப் பணம் இருந்தவரை கூட்டம் நடந்தது. பணம் தீர்ந்ததும் பல குழுக்கள் பெயர்ப் பலகையோடு நின்றுபோயின.

2006இல் வந்த வன உரிமைச் சட்டம்தான் அடுத்த படி. ஊரின் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே அது உரிமை தந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு மக்களின் சிற்றூர், 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்றது. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசுவார்கள். அப்புறம்தான் முடிவு. உரிமை கிடைத்தும் மூங்கிலை வெட்டி விற்க அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்தபோதுதான் அந்தச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. ஒரு சீட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு போராட்டம்! நம் மாநிலத்திலோ, நீதிமன்றத் தடையால் இந்தச் சட்டப்படி பட்டா கொடுப்பதே 2016 வரை முடங்கிக் கிடந்தது.

எல்லா ஊராரும் உத்தமர்கள், எல்லா அதிகாரிகளும் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குள்ளும் வலுத்தவன் சுருட்டுவான். ஏலக்காரனும் வருவான். ஆனால் தன்னுடையது என்று தெரிந்தால்தான் மனிதன் நாளைக்கு என்று மிச்சம் வைப்பான். எவனோ ஒருவனுடையது என்றால் இன்றைக்கே வெட்டிவிடுவான்.

அப்பா ஓய்வுபெற்று வெகுநாள் கழித்து, ஒரு மழை நாளில், தானாகவே சொன்னார்: "நாங்க நாலு பேரு காவலுக்கு. சுத்தியிருந்த ஊரு பூரா எங்களுக்கு எதிரா நின்னுது. அவங்கள எங்க பக்கம் சேத்திருந்தா காடு தப்பிச்சிருக்கும்டா." அரபாரி என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அருவாளக் குடுத்திருக்கலாம்" என்றார். எந்த அரிவாள் என்று நான் கேட்கவில்லை.

என் மாணவர்களில் இருவர் இன்று வனத்துறையில் இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான். சட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. விறகுக் கட்டோடு ஒருவரைப் பிடிக்கும்போது, எழுதுவதற்கு முன்னால், அவர் வீட்டு அடுப்பு எதில் எரிகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பானர்ஜி தொடங்கியதும் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

புத்தகத்தை எடைக்குப் போடவில்லை. என் மேசையில் இருக்கிறது. உங்கள் ஊர்க் காடு, மேய்ச்சல் நிலம், விறகு பொறுக்கிய நாட்கள் பற்றி நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்