ஹாட் ராட் கார்களின் முகப்பு விளக்குகள்

ஹாட் ராட் முகப்பு விளக்கு என்பது, பழைய அமெரிக்கக் கார்களை எடை குறைத்து எஞ்சினுக்கு வலுவேற்றி உருவாக்கும் ஹாட் ராட் வண்டிகளின் முன்புறம் பொருத்தப்படும் ஹெட்லைட். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை 1930களின் ஃபோர்டுகள். மரபுவழி ஹாட் ராட்டில் முன் மட்கார்டுகள் இருப்பதில்லை. ஃபோர்டு ஆலை விளக்கைத் தாங்க வைத்த அமைப்பும் பெரும்பாலும் மட்கார்டோடு போய்விடுகிறது. எந்த விளக்கு, எவ்வளவு உயரம், எதன்மேல் நிற்கும் என்பதையெல்லாம் வண்டியைக் கட்டுபவரே தீர்மானிக்க வேண்டும். வண்டியின் வேறெந்தப் பகுதியையும்விட இந்த இரண்டு விளக்குகளே அது எந்த ஆண்டின் தோற்றத்தை நாடுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

ஹாட் ராட் பிறப்பதற்கு முன்பே காரின் விளக்கு நெடுந்தூரம் வந்திருந்தது. 1900களின் தொடக்கத்தில் பித்தளை விளக்குகளில் அசிட்டிலீன் வாயு எரிந்தது. அந்த வாயுவை உருளைகளில் அடைத்து விற்கும் பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனத்தை 1904இல் இண்டியானாபொலிஸில் தொடங்கியவர்களில் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் முக்கியமானவர்கள். அந்த இருவரே மற்றவர்களோடு சேர்ந்து 1909இல் அந்நகரின் புகழ்பெற்ற பந்தயத்தளத்தையும் கட்டினார்கள். விளக்கு வாயுவில் ஈட்டிய பணம் பந்தயத்துக்குப் போனது, இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத ஒரு தொடர்பு. 1912இல் கெடிலாக், சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒருசேரக் கொண்டுவந்தது. ஃபோர்டு மாடல் டி காருக்கு மின்விளக்கு வந்தது 1915இல். அதற்கு பேட்டரி கிடையாது, எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோதான் மின்சாரம் தந்தது. எஞ்சின் வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். இரண்டு பல்புகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்ததால் ஒன்று போனால் மற்றதும் அணைந்துவிடும்.

ஹாட் ராட்காரர்கள் இன்றும் தேடி வாங்கும் ஃபோர்டு விளக்குகள் 1928இல் தொடங்கிய மாடல் ஏ காலத்தைச் சேர்ந்தவை. 1930, 1931ஆம் ஆண்டு மாடல் ஏ கார்களில் விளக்கின் உறை துருப்பிடிக்காத எஃகால் ஆனது. தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் மெருகு ஏற்றினால் கண்ணாடிபோல் மின்னும். முன்புறக் கண்ணாடியில் செங்குத்தான வரிகள் ஓடும். அழகுக்காக மட்டும் போட்ட வரிகள் அல்ல அவை, ரிஃப்ளெக்டர் திரட்டி அனுப்பும் ஒளியைச் சாலையின் அகலத்துக்குப் பரப்புவதே அவற்றின் வேலை. 1932இல் வி8 எஞ்சினோடு வந்த காரிலும், மாடல் ஏயைப் போலவே, முன் மட்கார்டுகளுக்கு நடுவே ஒரு கம்பி ஓடி விளக்குகளைத் தாங்கியது. 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சினும், ஒடுங்கிய அந்த முகமும் சேர்ந்து 1932 ஃபோர்டை ஹாட் ராட்டின் தலையாய உருவமாக்கின. 1937இல் ஃபோர்டு விளக்குகள் மட்கார்டுக்குள்ளேயே பதிந்துவிட்டன. பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 1913இலேயே மட்கார்டில் விளக்கைப் பதித்திருந்தது. ஆனால் எல்லோருடைய காரிலும் தனியாக நின்ற விளக்கு மறையத் தொடங்கியது 1930களின் பிற்பாதியில்தான். ஹாட் ராட் பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய காலத்தை.

விளக்கு எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடியதாக மாறியதற்குக் காரணம் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகள். லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் 1930களில் தங்கள் கார்களைப் பாலைவனத்தில் உள்ள மியூராக் ஏரிப்படுகைக்கு ஓட்டிச் சென்று நேர்கோட்டு வேகத்தை அளந்தார்கள். தென் கலிபோர்னியா டைமிங் சங்கம் 1937இல் உருவானது. பின்னர் எல் மிராஜ் ஏரிப்படுகையும், 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் படுகையும் இந்தப் பந்தயங்களின் களங்களாயின. மட்கார்டு, காற்றுத்தடுப்புக் கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் காற்றில் இழுவை கூட்டுபவை. ஏரிக்கரையில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவார்கள். மாலையில் விளக்கை மட்டும் மறுபடி மாட்டிக்கொண்டு இருட்டும் நேரத்தில் ஊர் திரும்புவார்கள். ஒரு ஸ்பேனரில் கழன்று வரவேண்டும், இரவில் வீடு சேரும் வரை அசையாமல் எரியவேண்டும் என்ற இரண்டு தேவைகளே மரபுவழி விளக்குத் தாங்கியின் வடிவத்தைத் தீர்மானித்தன. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ஹாட் ராட் பத்திரிகையைத் தொடங்கியபோது அந்த வடிவம் கலிபோர்னியாவில் ஏற்கெனவே ஊன்றியிருந்தது.

1940 மாடல் கார்களோடு அமெரிக்க விளக்கு வரலாற்றில் பெரிய திருப்பம் ஏற்பட்டது. இழை, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி மூன்றையும் ஒரே கண்ணாடி உறையாக மூடி முத்திரையிட்ட 7 அங்குல சீல்டு பீம் விளக்கு நாடு முழுவதற்கும் பொதுவானது. அதுவரை ரிஃப்ளெக்டர்கள் பித்தளைமேல் வெள்ளிமுலாம் பூசியவை. காற்றும் ஈரமும் புகுந்தால் வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோல் அதுவும் கறுத்து, வெளிச்சம் பாதியாகிவிடும். சீல்டு பீமில் உள்ளே எதுவும் புகாது, இழை அறுந்தால் முழு விளக்கையும் மாற்றிவிடலாம். 1957இல் நான்கு சிறிய விளக்குகள் வரும் வரை ஏறத்தாழ எல்லா அமெரிக்கக் கார்களிலும் இரண்டு 7 அங்குல வட்டங்களே இருந்தன. பழைய உறைக்குள் சீல்டு பீமை அமர்த்தும் வளையங்களும் விற்பனைக்கு வந்தன. ஆகவே 1950களின் ஹாட் ராட்டில் 1930களின் உறையும் 1940களின் உள்ளமைப்பும் ஒன்றாக இருப்பதில் பிழையில்லை. 1938இன் ஏரிப் பந்தய வண்டியாக ஒன்றைக் கட்டிவிட்டு அதில் சீல்டு பீம் வைத்தால் அது பிழை. ஓட்டுவதற்கு அதனால் குறையில்லை, ஆனால் காலத்தைக் கூர்ந்து பார்ப்பவர் அங்கேதான் நிற்பார்.

1940களில் ஹாட் ராட்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். லாரி, பஸ்களுக்காகத் தயாரான விளக்குகள் கழிவுக்கடைகளில் மலிவாகக் கிடைத்தன. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாக இண்டியானாவின் ஆண்டர்சனில் இயங்கிய கைடு லாம்ப், சிராகியூசின் டீட்ஸ், டெட்ராயிட்டின் எட்மண்ட்ஸ் அண்ட் ஜோன்ஸ் ஆகியோரின் விளக்குகள் இன்று பெரும் மதிப்புடையவை. கைடு 682-சி என்ற கனமான லாரி விளக்கு, சீல்டு பீம் ஏற்கும் ஆழமான உறையோடு வந்தது. சிலவற்றின் உச்சியில் திருப்பத்தைக் காட்டும் சிறிய விளக்கும் இருக்கும். இன்று மறு உற்பத்தியாக அதிகம் விற்பவற்றுள் இதுவும் ஒன்று. எட்மண்ட்ஸ் அண்ட் ஜோன்ஸ் விளக்குகள் சிறியவை, துப்பாக்கிக்குண்டு வடிவம். மாடல் ஏ போன்ற குறுகிய வண்டிக்கு இவை பொருந்தும் அளவுக்கு வேறு எதுவும் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து. பூனைக்கண் போலக் குறுகிய வுட்லைட் விளக்குகள் 1929இல் வந்த ரக்ஸ்டன் காரின் அடையாளம். அவற்றை ஹாட் ராட்டில் சிலர் பயன்படுத்தினாலும் இரவுச் சாலைக்கு அவற்றின் ஒளி போதாது.

பொருத்துவதில் முதல் கேள்வி உயரம். மட்கார்டு போன பின் ஃபோர்டின் பழைய உயரத்திலேயே விளக்கை விட்டால் அது வண்டிக்கு மேல் மிதப்பதுபோல் தோன்றும். அதனால் கம்பியைச் சூடேற்றிக் கீழ்நோக்கி வளைத்தார்கள், அல்லது முழுவதும் நீக்கி சேஸிஸில் இரண்டு தனித் தாங்கிகள் வைத்தார்கள். முன்புற ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் தாங்கியையே விளக்குக்கும் நீட்டுவது பரவலான வழி. ஒரே இரும்பு இரண்டு வேலை செய்கிறது, கண்ணுக்கும் முன்புறம் நெரிசலாகத் தெரியாது. சட்டமும் உயரத்தைக் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியாவில் இன்று விளக்கின் மையம் தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் குறையாமலும் 54 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்கவேண்டும். வளைத்துத் தாழ்த்திய ஆக்சிலும் சிறிய முன்டயர்களும் கொண்ட வண்டியில் விளக்கு கீழ் எல்லைக்கும் கீழே எளிதில் இறங்கிவிடும். ஆகவே டயர், ஆக்சில் இரண்டும் முடிவான பிறகே விளக்கின் இடத்தைக் குறிக்கவேண்டும். வண்டியின் முழு எடையும் டயரில் இறங்கியிருக்க, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, தாங்கியில் டயர் உரசாததைப் பார்த்த பின்பே துளை போடவேண்டும்.

அகலம் உருவத்தை முடிவு செய்யும். விளக்குகள் ரேடியேட்டர் முகப்பை ஒட்டி, அதன் மேல்விளிம்புக்குக் கீழே நிற்கும்போது 1932 ஃபோர்டின் முகம் ஒடுங்கி முன்னோக்கிப் பாய்வதாகத் தெரியும். டயருக்கு மேல் அகலமாக வைத்தால் அதே வண்டி தடித்துத் தோன்றும். அட்டையில் விளக்கின் வட்டத்தை வெட்டி ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வெல்டிங்கைத் தொடங்குவது நல்ல பழக்கம்.

விளக்கு பெரும்பாலும் அடியிலுள்ள ஒற்றை போல்ட்டில்தான் நிற்கும். உள்ளே துளையுள்ள போல்ட்டாக இருந்தால் வயர் அதன் வழியே மறைந்து இறங்கும். துளையின் விளிம்பைச் சீவி ரப்பர் வளையம் போடாவிட்டால் அதிர்வில் வயரின் உறை அறுந்து ஷார்ட் ஆகும். வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது எர்த். புதிதாகப் பெயின்ட் அடித்த தாங்கியும் குரோம் பூசிய உறையும் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிடும், அதனால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுக்கவேண்டும். பல்புக்கு வரும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 6 வோல்ட் வண்டியில் இது இரட்டிப்பு முக்கியம். 45 வாட் விளக்கு 12 வோல்ட்டில் எடுப்பது 3.75 ஆம்பியர், 6 வோல்ட்டிலோ 7.5 ஆம்பியர். பழைய சுவிட்ச் வழியாக அவ்வளவையும் அனுப்பாமல் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரடியாகக் கொண்டுவருவது நல்லது.

பழைய வெள்ளி ரிஃப்ளெக்டரைத் துணியால் தேய்த்தால் மெல்லிய முலாம் கழன்றுவிடும். மீண்டும் வெள்ளிமுலாம் பூசித் தருபவர்களிடம் கொடுக்கவேண்டும், அல்லது அலுமினிய ஆவிப்பூச்சு செய்விக்கலாம். 1971இல் வந்த எச்4 ஹாலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டர்களும் 7 அங்குல அளவில் கிடைக்கின்றன. வெளியிலிருந்து பழைய வரிக்கண்ணாடி மட்டும் தெரிய, உள்ளே 60/55 வாட் எரியும். அடிக்கடி இரவில் ஓட்டுபவருக்கு இது நியாயமான சமரசம். ஆனால் வரிகள் வேறு ரிஃப்ளெக்டருக்காக வார்க்கப்பட்டவை, அதனால் டிம் ஒளியின் மேல்விளிம்பு கூர்மையாக வராது.

கடைசி வேலை ஒளியைச் சரிபார்ப்பது. மாடல் ஏ விளக்கின் பின்புறம் பல்பை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு உண்டு. வண்டியைச் சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு, மற்றதன் ஒளி திரண்டு சிறுக்கும் வரை திருகைத் திருப்பவேண்டும். பிறகு விளக்கைத் தாங்கும் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, சுவரில் ஒளியின் மையம் விளக்கின் மையத்தைவிடச் சிறிது தாழ்ந்து விழும்படி சாய்த்து இறுக்கவேண்டும். இருவர் உட்கார்ந்த எடையோடு செய்தால் அளவு துல்லியமாக வரும், ஏனெனில் இந்த எடைகுறைந்த வண்டிகளின் பின்புறம் ஆள் ஏறியதும் கணிசமாக இறங்கும்.