தண்ணீருக்கு அளவு வந்த கதை

காவிரிப் பாசனத்தில் சுவாமிமலைக்கு நடுவாந்தரமான இடம்; தலைமடையும் அல்ல, கடைமடையும் அல்ல. பூம்புகார்ப் பக்கத்துக் கடைமடைக்காரர்களைப் போல வருமா வராதா என்று இங்கே ஏங்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஆனாலும் பங்குத் தகராறு இந்த வட்டாரத்துக்கும் பழையதுதான்.

சோழர் கால எழுத்துகளில் நிலத்துக்கு விலாசமே வாய்க்கால்தான். எந்த வதிக்குக் கிழக்கு, எந்த வாய்க்காலுக்குத் தெற்கு, எத்தனையாவது கண்ணாறு, எத்தனையாவது சதுக்கம் என்று எழுதினால் வயல் அகப்பட்டுவிடும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் தண்ணீர்க் காவல் இன்னும் கறாராக இருக்கிறது. அந்த வாய்க்கால்களில் பிறர் குறங்கறுக்கக் கூடாது, அதாவது கிளை வெட்டித் திருப்பக் கூடாது. குறுக்கே அடைக்கக் கூடாது. குற்றேத்தம், அதாவது சிறிய ஏற்றம், போடக் கூடாது. கூடையால் இறைக்கவும் கூடாது. கூடைத் தண்ணீரைக்கூட விடாதவர்கள், மொத்தத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. அளவு வைக்க முதலில் கையில் இருப்பு வேண்டும். கல்லணை தண்ணீரைத் திருப்பிவிடுமே தவிரத் தேக்கி வைக்காது. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய மேலணையும் அதே ரகம். வந்ததைப் பிரிக்கலாம், வராததைப் பிரிக்க முடியுமா?

இருப்பு வந்தது மேட்டூரில். 1925இல் தொடங்கிய வேலை 1934இல் முடிந்தது. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்று டெல்டாவுக்கு ஒரு பஞ்சாங்கமும் கூடவே வந்தது. ஆனால் அணைக்கு முன்பே வரம்பு வந்துவிட்டது. 1924 பிப்ரவரி 18இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட ஒப்பந்தம், மைசூரின் கிருஷ்ணராஜசாகர் அணையில் இவ்வளவு, மேட்டூரில் இவ்வளவு என்று கொள்ளளவை வரையறுத்ததோடு நிற்கவில்லை. புதிய பாசனத்துக்கும் கோடு போட்டது: கிருஷ்ணராஜசாகரின் கீழ் மைசூருக்கு 1,25,000 ஏக்கர், மேட்டூரின் கீழ் சென்னைக்கு 3,01,000 ஏக்கர். புது ஆறு என்று ஊரார் சொல்லும் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்கள் பங்காளிகளானது இந்தக் கணக்கில்தான். பழைய ஆயக்கட்டுக்காரர்களுக்கு அது ரசித்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் எண் சண்டை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. அதில் மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அளந்து விட வேண்டும், அதையும் மாதவாரியாக. ஆகஸ்டுக்கு 45.95, ஜனவரிக்கு 2.76. இரண்டு தசம இடம் வரை!

அந்தத் தசமம் வயல் வரை வருவதில்லை. இருப்பு குறைந்த ஆண்டில் அதிகாரிகள் முறை வைக்கிறார்கள். சில நாள் காவிரியில், சில நாள் வெண்ணாற்றில். முறை வந்ததும் மதகுக் காவலரான லஸ்கர் ஷட்டரை ஏற்றுகிறார். வாய்க்காலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு, ராத்திரியானாலும் மண்வெட்டியோடு போய் மடையை வெட்டிவிட வேண்டியது விவசாயியின் பாடு. முறை முடிவதற்குள் பாயாத வயல் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். மேலே கன அடி, கீழே நாள் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவர் இல்லை. 2020இல் எட்டு ஆண்டுக்குப் பிறகு ஜூன் 12இல் மேட்டூர் திறந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்தப் பங்கீட்டில் புதுச்சேரிக்கும் 7 டி.எம்.சி. உண்டு, காரைக்காலுக்கானது. அதில் ஒரு பகுதியைச் சுமந்து போகும் அரசலாறு கும்பகோணத்தின் தெற்கு ஓரமாக, தமிழ்நாட்டு வயல்களுக்கும் பாய்ந்துகொண்டே, காரைக்காலுக்குப் போகிறது.