விரல் நுனியின் இரகசியம்

நம் ஆலயப் பாடற்குழுக்கள் பலவற்றில் இன்று கித்தார் ஒலிக்கக் கேட்கிறோம். அதை மீட்டும் கைகளை நாம் அறிவோம்; அந்த வடிவத்தை முதன்முதலில் செம்மை செய்த கைகளை அறிந்தவர் சிலரே. அக்கைகளின் வரலாறு, விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கையளிக்க விழையும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது.

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், அல்மேரியா நகரருகே 1817-ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியோ தெ தோரஸ். பன்னிரண்டு வயதில் தச்சுவேலை பழகச் சென்ற ஏழைச் சிறுவன். இளமையிலேயே மனைவியையும் சிறு பிள்ளைகளையும் மரணத்திற்குப் பறிகொடுத்தவர். பின்பு செவில்லா நகரில் குடியேறிக் கித்தார் செய்வதில் முனைந்தார். 1858-இல் அந்நகரில் நடந்த பொருட்காட்சியில் அவரது கித்தார் பதக்கம் பெற்றது.

அவர் செய்ததுதான் என்ன? கித்தாரின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, சற்றே குவிந்திருக்கச் செய்தார். அதன் உட்புறத்தில், விரிந்த விசிறியைப் போல ஏழு மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டினார். விசிறி அமைப்பு அவருக்கு முன்னரும் இருந்ததே. அதைச் செவ்வைப்படுத்தியது அவர் கை. பலகை தடித்தால் ஒலி ஊமையாகும். மிக மெலிந்தால் தந்திகளின் இழுப்பைத் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடையிலான நூலிழையைத்தான் கைவினைஞன் தேட வேண்டும். தந்தியின் அதிரும் நீளம் 65 சென்டிமீட்டர் என்னும் அளவும் அவர்வழியே நிலைபெற்றது.

1862-இல் அவர் வியப்பான சோதனை ஒன்றைச் செய்தார். மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்தார்! ஒலியின் உயிர் மேற்பலகையிலேயே உள்ளது என்று மெய்ப்பிக்க விரும்பினார். அந்தக் கித்தார் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

புகழ் வந்தது, செல்வம் வரவில்லை. 1870-ஆம் ஆண்டளவில் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை நடத்தினார். 1875 முதல் மீண்டும் கித்தார் செய்தார். 1892-இல் இறக்கும்வரை அப்பணி தொடர்ந்தது. இறுதி ஆண்டுகளில் அவருக்குத் துணை நின்றவர் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வென்த். குருவான இவர் 1931-இல் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். தோரஸ் தம் தொழில் இரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகலாகாது என ஒருவர் வேண்டினாராம். மறைப்பதற்கு எதுவுமில்லை, ஆயினும் எழுதி வைக்கவும் இயலாது என்பதே தோரஸ் சொன்ன மறுமொழியின் சாரம். பலகை பதமாயிற்றா என்பதைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்டுணர்ந்து அறிவுக்குச் சொல்லும், அவ்வளவே இரகசியம்.

அப்படியானால் அந்த அறிவு அவரோடு மடிந்ததா? இல்லை. மாட்ரிட் நகரில் மரவேலை பயின்ற ஹோசே ரொமானில்யோஸ் என்பவர் 1956-இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்றார். கித்தார் வாங்க வசதியில்லாத அவர், 1961-இல் தாமே ஒன்றைச் செய்தார். இழைப்புளியும் உளியும் பழகிய கைகள்தாம். ஆனால் கித்தார் அவற்றுக்குப் புதிது. பக்கப்பலகையை ஈரமாக்கிச் சூடேற்றி வளைக்கையில் அவசரப்பட்டால் அது வெடிக்கும். ஒரு சீவல் கூடுதலாய்ப் போனால் மீண்டும் ஒட்ட முடியாது. முதல் கித்தார் செய்பவனுக்கு மரமே ஆசான். பின்னாளில் ரொமானில்யோஸ் 1973-இல் செய்த கித்தாரை இசைமேதை ஜூலியன் பிரீம் வாசித்தார். தோரஸ் செய்த கித்தார்களை ஒவ்வொன்றாகத் தேடி ஆராய்ந்து, 1987-இல் அவரது வாழ்க்கையை நூலாக எழுதினார் ரொமானில்யோஸ். அந்த அறிவு எழுத்தில் வருமுன் அவர் கைகளில் வந்திருந்தது. 2022-இல் அவர் காலமானார்.

விடுதலைப் பயண நூலில், பெட்சலேல் என்னும் கைவினைஞனை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பியதாக வாசிக்கிறோம். மறைநூலில் இறை ஆவியால் நிரப்பப்பட்டதாக நாம் முதலில் காணும் மனிதருள் அவன் ஒருவன். மரத்தையும் பொன்னையும் கையாண்டவன். ஆகவே கையின் அறிவும் இறைவனின் கொடையே.

நம் விசுவாசமும் அத்தகையதன்றோ? பிள்ளைகளின் கையில் மறைக்கல்வி நூலைத் தந்துவிட்டு, "ஆசிரியர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நூல் தேவையே; ஆயினும் அது அளவுகளைச் சொல்லுமேயன்றிப் பதத்தைச் சொல்லாது. மன்னிப்பதன் பதத்தை, பசித்தவனுக்குப் பகிர்வதன் பதத்தை, துயரிலும் மண்டியிடுவதன் பதத்தைப் பிள்ளை நம் அருகிருந்தே பழக வேண்டும். நாமும் முதன்முறையாகப் பெற்றோராகிறவர்கள்தாம், தவறுவோம். அதற்கு அஞ்சி உளியைக் கீழே வைத்துவிடலாகாது.

திருமுழுக்கின்போது குழந்தையின் நெற்றியில் பெற்றோர் பெருவிரலால் சிலுவை வரைகிறார்கள். இன்றிரவு செப வேளையில் அப்பிஞ்சுக் கையைப் பற்றி, அதன் நெற்றிக்கு நாமே கொண்டு செல்வோம்.